கம்பெனி வேற, நீங்க வேற: குமரி மாவட்டத்தில் முதன்முதலாகப் பிரைவேட் லிமிடெட் தொடங்குகிறவர்களுக்கு

நாகர்கோவிலில் ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் கம்பெனிப் பதிவு வேலைகளைப் பார்த்துவருகிறேன். தக்கலைப் பக்கத்திலிருந்து அண்ணன் தம்பி இருவர் ஒருநாள் பேங்க் ஸ்டேட்மெண்டோடு வந்தார்கள். நேந்திரங்காய் சிப்ஸ் போடுகிறவர்கள். அவர்களுடைய பிரைவேட் லிமிடெட் கம்பெனி பதிவாகி ஏழு மாதம் ஆகியிருந்தது. வாழைக்காய், எண்ணெய், கவர், லாரி வாடகை என்று வரிசையாகப் போன கணக்கில் ஒரு வரி மட்டும் துருத்திக்கொண்டு நின்றது: 85,000 ரூபாய், ஒரு எஞ்சினியரிங் காலேஜின் பெயருக்கு.

"இது என்ன அண்ணாச்சி?"

"மூத்தவளுக்கு ஃபீஸ் கட்டுனேன் சாரே."

"கம்பெனி அக்கவுண்ட்ல இருந்தா?"

"நான் போட்ட பைசாதானே. நான் எடுத்தா யாருக்கு என்ன?"

இருபது வருடம் ஒரே கல்லாப்பெட்டியில் கடையும் வீடும் நடத்தியவர் அப்படித்தான் கேட்பார். அவர் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. கம்பெனியைப் பதிவு செய்துகொடுத்தவர்கள் அவரிடம் சான்றிதழைக் கையில் கொடுத்தார்களே தவிர, அதற்கு என்ன அர்த்தம் என்று உட்கார்ந்து சொல்லவில்லை. அதைச் சொல்வதற்குத்தான் இதை எழுதுகிறேன்.

கம்பெனி என்றால் யார்?

"யார்" என்று கேட்பதுதான் சரி. சட்டத்தின் கண்ணில் கம்பெனி ஒரு தனி ஆள். அதற்குத் தனிப் பெயர், தனி பான் கார்டு, தனிச் சொத்து, தனிக் கடன். அது வழக்குப் போடலாம், அதன் மேலும் வழக்குப் போடலாம். பங்குதாரர் இறந்தால் அவருடைய ஷேர் வாரிசுக்குப் போகும், கம்பெனி சாகாது.

இந்தத் தனி ஆள் என்ற கொள்கையை உறுதிப்படுத்திய வழக்கு லண்டனில் நடந்தது. ஆரோன் சாலமன் தோல் பூட்ஸ் செய்து விற்றவர். 1892-ல் தன் தொழிலை ஒரு கம்பெனிக்கு விற்றார். மொத்தம் 20,007 ஷேர். 20,001 அவருக்கு, மனைவிக்கும் ஐந்து பிள்ளைகளுக்கும் ஆளுக்கு ஒன்று. கம்பெனி சீக்கிரமே நொடித்துப்போனது. எல்லாம் சாலமனே, ஆகவே கடனையும் அவரே கட்டவேண்டும் என்று வாதம் வந்தது. 1896-ல் பிரிட்டனின் பிரபுக்கள் சபை அதை ஏற்கவில்லை. முறைப்படி பதிவான கம்பெனி வேறு, அதன் முதலாளி வேறு என்று தீர்ப்புச் சொன்னது. இன்று நம்முடைய 2013-ஆம் ஆண்டு கம்பெனிச் சட்டமும் அந்த அடித்தளத்தின் மேல்தான் நிற்கிறது.

இதன் மறுபக்கத்தைக் காட்டும் வழக்கு இன்னொன்று. வட அயர்லாந்தில் மக்காரா என்ற தோட்ட முதலாளி தன் மரத்தடிகளை ஒரு கம்பெனிக்கு விற்றார். கம்பெனியின் ஷேர் முழுக்க அவர் கையில்தான். ஆனால் தடிகளுக்கு இன்சூரன்ஸைத் தன் சொந்தப் பெயரில் எடுத்திருந்தார். தீப்பிடித்து எல்லாம் எரிந்தது. தடி கம்பெனியுடையது, உமக்கு அதில் உரிமை இல்லை என்று 1925-ல் தீர்ப்பானது. இன்சூரன்ஸ் பணம் ஒரு காசு வரவில்லை. குலசேகரம் பக்கம் ரப்பர் தடி அறுக்கிற மில்காரர்கள் வந்தால் இந்தக் கதையை நான் சொல்லாமல் விடுவதில்லை. மில் கம்பெனி பெயருக்கு மாறிய நாளிலேயே இன்சூரன்ஸும் கம்பெனி பெயருக்கு மாறவேண்டும்.

உங்களுக்கும் கம்பெனிக்கும் நடுவில் உள்ள இந்தச் சுவர் இரண்டு பக்கமும் நிற்கும். கம்பெனியின் கடன்காரன் உங்கள் வீட்டுக்கு வரமுடியாது. நீங்களும் கம்பெனியின் கல்லாவுக்குள் கையை விடமுடியாது. 85,000 ரூபாய்க்கு என்ன செய்தோம் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

சுவர் எங்கே நிற்காது

"லிமிடெட் போட்டாச்சு, இனி வீட்டுக்கு ஒண்ணும் வராது" என்று நம்பி வருகிறவர்கள் நிறையப் பேர். ஷேருக்குக் கட்டவேண்டிய பணத்தைக் கட்டிவிட்டால் அதற்கு மேல் பங்குதாரருக்குப் பொறுப்பு இல்லை என்பது உண்மைதான். ஆனால் அந்தப் பாதுகாப்பை நாமே கையெழுத்துப் போட்டு விட்டுக்கொடுக்கிற இடங்கள் உண்டு.

முதலாவது பேங்க். சின்னக் கம்பெனிக்குக் கடன் கொடுக்கும்போது டைரக்டர்களின் சொந்த ஜாமீனைக் கேட்பார்கள், பல சமயம் வீட்டுப் பத்திரத்தையும் கேட்பார்கள். கையெழுத்துப் போட்டால் அந்தக் கடன் அளவுக்கு நீங்கள் தனிப்பட்ட முறையில் பொறுப்பு. இரண்டாவது செக். கம்பெனியின் செக் திரும்பினால், தொழிலை நடத்தும் பொறுப்பில் இருந்த டைரக்டர் மேலும் கிரிமினல் வழக்கு வரும். மூன்றாவது வரி. பிரைவேட் கம்பெனியிடமிருந்து வசூலிக்க முடியாத வருமான வரியையும் ஜி.எஸ்.டி.யையும் டைரக்டரிடம் கேட்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. தன் கவனக்குறைவால் அது நடக்கவில்லை என்று அவர்தான் காட்டவேண்டும். கடன்காரர்களை ஏமாற்றும் நோக்கத்தோடு தொழில் நடந்தது என்று தெரிந்தால் சுவரே இல்லை.

மனைவியையோ அம்மாவையோ "பேருக்கு ஒரு டைரக்டர்" என்று போடுகிறவர்கள் இதை நின்று யோசிக்கவேண்டும். பேருக்கு டைரக்டர் என்று சட்டத்தில் ஒருவரும் இல்லை.

உங்களுக்குக் கம்பெனி தேவையா?

தோவாளைச் சந்தையில் பூ எடுத்து விற்கிறவருக்கு, மார்த்தாண்டத்தில் ஒரு மொபைல் கடைக்கு, தனி ஆள் தொழிலே போதும். வரவு செலவை ஒழுங்காக வைத்து, தேவையானால் ஜி.எஸ்.டி.யும் சிறுதொழில்களுக்கான உத்யம் பதிவும் எடுத்தால் தொழில் நடக்கும். நஷ்டம் வந்தால் வீடுவரை வரும் என்பதுதான் குறை.

இரண்டு மூன்று பேர் சேர்ந்தால் 1932-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி கூட்டு வணிகம். தொடங்குவது சுலபம். ஆனால் ஒரு கூட்டாளி வாங்கிய தொழில் கடனுக்கு மற்றவர்களும் முழுப் பொறுப்பு. பதிவு செய்யாத கூட்டு நிறுவனம் வெளி ஆளிடம் பாக்கி கேட்டு ஒப்பந்தத்தின் பேரில் வழக்குப் போடமுடியாது. இதை அறியாமல் வெள்ளைப் பேப்பரில் எழுதிவைத்துக்கொண்டவர்கள் பல பேரை நான் பார்த்திருக்கிறேன்.

நடுவில் எல்.எல்.பி., அதாவது லிமிடெட் லயபிலிட்டி பார்ட்னர்ஷிப் என்று ஒன்று, 2008-ஆம் ஆண்டுச் சட்டத்தில் வந்தது. பொறுப்பு வரம்புக்குள் நிற்கும், வேலையும் குறைவு. வருட விற்றுவரவு 40 லட்சத்தையோ முதலீடு 25 லட்சத்தையோ தாண்டினால்தான் அந்தச் சட்டப்படி ஆடிட் கட்டாயம். இரண்டு டாக்டர்கள் சேர்ந்து கிளினிக், இரண்டு பேர் சேர்ந்து டிசைன் வேலை என்றால் நான் இதைத்தான் சொல்வேன். வரி 30 சதவீதம். கம்பெனிக்கு 22 சதவீத விகிதத்தைத் தேர்ந்தெடுத்தால் சர்சார்ஜும் செஸ்ஸும் சேர்த்து சுமார் 25.17 சதவீதம், ஆனால் லாபத்தை டிவிடெண்டாக, அதாவது ஷேருக்கான லாபப் பங்காக எடுக்கும்போது எடுக்கிறவர் கையில் மறுபடி வரி உண்டு. வரி குறைவு என்ற ஒரே காரணத்துக்காகக் கம்பெனிக்குப் போகாதீர்கள்.

பிரைவேட் லிமிடெட் யாருக்குப் பொருந்தும்? வெளியாள் முதல் போடவேண்டும் என்கிறவர்களுக்கு, பெரிய சூப்பர் மார்க்கெட்டுக்கோ ஏற்றுமதிக்கோ சரக்கு கொடுக்கிறவர்களுக்கு, நஷ்ட அபாயம் பெரிதாக உள்ள தொழிலுக்கு, தனக்குப் பின்னும் தொழில் நிற்கவேண்டும் என்று நினைக்கிறவர்களுக்கு. குறைந்தது இரண்டு பங்குதாரர், அதிகபட்சம் 200. குறைந்தது இரண்டு டைரக்டர், அதில் ஒருவராவது நிதியாண்டில் 182 நாள் இந்தியாவில் இருந்தவராக வேண்டும். இரண்டு பேரே பங்குதாரர், அவர்களே டைரக்டர் என்று இருக்கலாம். குறைந்தபட்ச முதல் இவ்வளவு என்ற விதி 2015-ல் எடுக்கப்பட்டுவிட்டது.

ஒருவர் மட்டும் என்றால் ஒரு நபர் கம்பெனி. தனக்குப் பின் யார் என்று ஒரு நாமினி காட்டவேண்டும். 2021 ஏப்ரல் முதல் வெளிநாட்டில் இருக்கும் இந்தியர்களும் இதைத் தொடங்கலாம். வளைகுடாவிலிருந்து இரண்டு வருடத்தில் திரும்பி வரும் எண்ணத்தோடு இருக்கிறவர்களுக்கு நல்ல வழி.

தேனீ வளர்ப்போரோ, மட்டி வாழை போடுகிறவர்களோ சேர்ந்து தொடங்குவதென்றால் உற்பத்தியாளர் கம்பெனி என்ற தனி வகையைப் பாருங்கள். குறைந்தது பத்து உற்பத்தியாளர்கள், ஐந்து டைரக்டர்கள். தனி ஆட்களே உறுப்பினர்களாக இருந்தால், எவ்வளவு ஷேர் வைத்திருந்தாலும் ஒருவருக்கு ஒரே ஓட்டு. கன்னியாகுமரி மட்டிப் பழத்துக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தபிறகு இந்த வழியைக் கேட்டு வருகிறவர்களைக் காண்பது மனதுக்கு நிறைவாக இருக்கிறது.

குடும்ப ரப்பர் தோட்டத்தைக் கம்பெனிக்கு மாற்றலாமா என்று கேட்கிறவர்களுக்கு என் பதில்: அவசரப்படாதீர்கள். நிலத்தை மாற்றினால் முத்திரைத்தீர்வை உண்டு. அதோடு, தேயிலைக் கம்பெனி ஒன்றின் பங்குதாரர் தனக்கு வந்த டிவிடெண்டை விவசாய வருமானமாகக் கருதவேண்டும் என்று கேட்டபோது, தோட்டம் கம்பெனியுடையது, பங்குதாரருக்குத் தோட்டத்தில் பங்கு இல்லை என்று சுப்ரீம் கோர்ட் 1950-களிலேயே சொல்லிவிட்டது. உங்கள் கைக்கு விவசாய வருமானமாக வந்தது இனி டிவிடெண்டாக வரும்.

இன்னொன்று, பதிவுக்கு முன்பே நாகர்கோவில் கோணம் பகுதியில் உள்ள மாவட்டத் தொழில் மையத்துக்கு ஒருமுறை போய்வாருங்கள். பி.எம்.இ.ஜி.பி. என்கிற பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்ட மானியம் பிரைவேட் லிமிடெட் கம்பெனிக்குக் கிடையாது. கம்பெனி தொடங்கியபிறகு மானியம் கேட்டு அலைந்தவர்கள் உண்டு.

பதிவுக்கு முன்: ஷேர் யாருக்கு எவ்வளவு

எல்லோரும் பெயரைப் பற்றி ஒரு மாதம் யோசிப்பார்கள், ஷேரைப் பற்றி ஐந்து நிமிடம்கூடப் பேசமாட்டார்கள். "ஆளுக்குப் பாதி போடுங்க சார்" என்று முடித்துவிடுவார்கள். பிறகு வருகிற சண்டைகளில் பெரும்பாலானவை அந்த ஐந்து நிமிடத்தில்தான் முளைக்கின்றன.

சாதாரணத் தீர்மானம் பாதிக்கு மேல் ஓட்டு இருந்தால் நிறைவேறும். கம்பெனியின் விதிகளை மாற்றுவது, பெயரை மாற்றுவது போன்றவற்றுக்குச் சிறப்புத் தீர்மானம் வேண்டும்; அதற்கு முக்கால் பங்கு ஓட்டு. ஆகவே 51 சதவீதம் கையில் இருந்தால் அன்றாட அதிகாரம் உங்களுடையது. 26 சதவீதம் இருந்தால் பெரிய மாற்றங்களைத் தடுக்கலாம். 50-க்கு 50 என்றால், ஒருவர் மறுத்தால் ஒன்றும் நகராது. அண்ணன் தம்பி, மச்சான் மாப்பிள்ளை என்ற உறவில் அப்படி நின்றுபோன கம்பெனிகளின் ஃபைல் எங்கள் அலமாரியில் இருக்கிறது. நியாயம் கேட்க நாகர்கோவில் கோர்ட் போதாது. தேசிய கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வுக்குப் போகவேண்டும். ஒவ்வொரு வாய்தாவுக்கும் வக்கீல் செலவும் ராத்திரி ரயிலும்.

ஆகவே பதிவுக்கு முன் ஒரு சாயங்காலம் உட்கார்ந்து பேசுங்கள். ஒருவர் பணம் போடுகிறார், ஒருவர் உழைக்கிறார் என்றால் உழைப்புக்குச் சம்பளமா, ஷேரா? ஒருவர் விலக நினைத்தால் ஷேரை முதலில் மற்றவருக்குத்தான் கொடுக்கவேண்டுமா, விலையை யார் கணக்கிடுவது? ஒருவர் இறந்தால் அவர் வீட்டார் கம்பெனிக்குள் வருவார்களா, அல்லது மற்றவர் ஷேரை வாங்கிக்கொள்வாரா? பேசியதைக் கம்பெனியின் உள்விதிகளான ஆர்ட்டிகிள்ஸில் எழுதச் சொல்லுங்கள். ஆயத்த மாதிரியை அப்படியே போட்டுத் தருவது பதிவுக்காரர்களுக்குச் சுலபம். ஆனால் அந்த மாதிரிக்கு உங்கள் குடும்பம் தெரியாது.

பதிவுக்கான படிகள்

பெயருக்கு முன் முகவரியை முடிவு செய்யுங்கள். களியக்காவிளைப் பக்கத்துக்காரர்களுக்கு இது முக்கியம். பதிவு அலுவலகம் கேரள எல்லைக்கு இந்தப் பக்கம் இருந்தால், கம்பெனிகளின் பதிவு அதிகாரி சென்னை ரிஜிஸ்ட்ரார். பாறசாலையில் வைத்தால் எர்ணாகுளம். கம்பெனி பிறந்தபிறகு மாநிலம் மாற்றவேண்டுமானால் சிறப்புத் தீர்மானம், பத்திரிகை விளம்பரம், மத்திய அரசின் பிராந்திய இயக்குநர் அனுமதி என்று நீளும். இரண்டு பக்கமும் குடோன் வைத்து விற்றால் இரண்டு மாநிலத்திலும் தனித்தனி ஜி.எஸ்.டி. பதிவு வேண்டும்.

முகவரிச் சான்றுக்கு இரண்டு மாதத்துக்கு மேல் பழையதாகாத கரண்ட் பில்லும் கட்டட உரிமையாளரின் சம்மதக் கடிதமும் தேவை. நம் ஊரில் இங்கேதான் முதல் தடை. வீடு பாகம் பிரிக்காமல் கிடக்கும். கரண்ட் கனெக்ஷன் இறந்துபோன தாத்தா பெயரில் இருக்கும். முதலில் மின்வாரியத்தில் பெயரை மாற்றிக்கொள்ளுங்கள், அல்லது தெளிவான பத்திரம் உள்ள இன்னொரு இடத்தைக் காட்டுங்கள்.

அடுத்து உங்கள் பெயர். பான் கார்டில் இனிஷியல் விரிந்து முழுப்பெயராக நிற்கும், ஆதாரில் ஒற்றை எழுத்தாக இருக்கும், பேங்க் புத்தகத்தில் இன்னொரு எழுத்துக்கூட்டு. படிவத்தில் பான் கார்டில் உள்ளபடியே போகவேண்டும். திருமணமான பெண்களும் கணவர் பெயரை அல்ல, அப்பா பெயரைத்தான் எழுதவேண்டும். இதைச் சரிபார்க்க அரைமணி நேரம் செலவழித்தால் பல நாள் மிச்சமாகும்.

பிறகு டி.எஸ்.சி. என்கிற டிஜிட்டல் கையெழுத்து. பென் டிரைவ் மாதிரி ஒரு டோக்கன் வரும். பங்குதாரர், டைரக்டர் ஒவ்வொருவருக்கும் தனித்தனி. மொபைலில் வீடியோ எடுத்து ஆளைச் சரிபார்ப்பார்கள். அந்த டோக்கன் உங்கள் கையெழுத்து. அதையும் பாஸ்வேர்டையும் எங்களைப் போன்ற அலுவலகங்களில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். கையெழுத்துப் போட்ட செக் புத்தகத்தை விட்டுப்போவதும் இதுவும் ஒன்று.

இப்போது பெயர். மத்திய கம்பெனி விவகார அமைச்சகத்தின் இணையதளத்தில் ஸ்பைஸ் பிளஸ் என்ற படிவம். அதன் முதல் பகுதியில் இரண்டு பெயர்வரை கேட்கலாம். கட்டணம் 1,000 ரூபாய். கிடைத்தால் 20 நாள் உங்களுக்காக வைத்திருப்பார்கள். "குமரி", "கேப்" என்று தொடங்கும் பெயர்கள் ஏற்கெனவே நெருக்கியடித்துக்கொண்டு நிற்கின்றன. உங்களுக்கே உரிய ஒரு சொல், அதன்பின் தொழிலைக் காட்டும் சொல், கடைசியில் பிரைவேட் லிமிடெட். அரசின் டிரேட் மார்க் தளத்திலும் தேடிப் பாருங்கள். கம்பெனிப் பெயர் கிடைத்தது என்பதற்காக அந்தப் பெயரில் பாக்கெட் அச்சடிக்க உரிமை வந்துவிடாது.

இரண்டாம் பகுதியில் மற்ற விவரங்கள், மெமோராண்டம், ஆர்ட்டிகிள்ஸ். மெமோராண்டத்தில் கம்பெனி என்ன தொழில் செய்யும் என்று எழுதுவார்கள். "வாழைக்காய் சிப்ஸ்" என்று மட்டும் எழுதாமல் பலகாரம், மசாலா, பழம் பதப்படுத்துதல், அவற்றின் ஏற்றுமதிவரை எழுதிவையுங்கள். கம்பெனியின் மூலதனம் பற்றி இரண்டு சொற்கள் வரும். அனுமதிக்கப்பட்ட முதல் என்பது எவ்வளவுவரை ஷேர் வெளியிடலாம் என்ற உச்சவரம்பு. செலுத்திய முதல் என்பது உண்மையில் நீங்கள் போட்ட பணம். 15 லட்சம்வரை அனுமதிக்கப்பட்ட முதலுக்கு மத்திய அரசின் பதிவுக் கட்டணம் இல்லை. மாநில முத்திரைத்தீர்வை தனி. சிப்ஸ் சகோதரர்கள் பத்து ரூபாய் ஷேர் பத்தாயிரம் போட்டு ஒரு லட்சத்தில் தொடங்கினார்கள். போதுமானது.

இதே படிவத்தோடு டைரக்டர் நம்பர், பான், வரி பிடித்துக் கட்டுவதற்கான டான் நம்பர், பி.எஃப்., இ.எஸ்.ஐ., பேங்க் கணக்கு எல்லாம் சேர்ந்தே வரும், ஜி.எஸ்.டி. வேண்டுமானால் அதையும் கேட்கலாம். ஹரியானாவின் மானேசரில் உள்ள மத்தியப் பதிவு மையத்தில் சரிபார்த்துச் சான்றிதழ் தருவார்கள். நீங்கள் எங்கும் நேரில் போகவேண்டியதில்லை.

சான்றிதழில் 21 எழுத்தும் எண்ணுமாக ஒரு நம்பர் இருக்கும். முதல் எழுத்து யு என்றால் பங்குச்சந்தையில் இல்லாத கம்பெனி. அடுத்த ஐந்து எண் தொழில் வகை. பிறகு தமிழ்நாட்டைக் குறிக்கும் டி.என்., பதிவான வருடம், பிரைவேட் லிமிடெட் என்பதற்கான பி.டி.சி., கடைசியில் ஆறு இலக்கப் பதிவு எண். உங்களிடம் கடன் கேட்டு வருகிற கம்பெனி எப்போது, எங்கே பிறந்தது என்பதை இதை வைத்தே படித்துவிடலாம்.

முதல் ஆறு மாதம்

முப்பது நாளுக்குள் டைரக்டர்கள் கூடும் முதல் போர்டு மீட்டிங் நடத்தி ஆடிட்டரை நியமிக்கவேண்டும். இரண்டு மாதத்துக்குள் ஷேர் சர்ட்டிபிகேட் கொடுக்கவேண்டும். அதைவிட அவசரமானது, ஒவ்வொருவரும் தாம் ஒப்புக்கொண்ட ஷேர் பணத்தைத் தத்தம் சொந்தக் கணக்கிலிருந்து கம்பெனி கணக்குக்கு அனுப்புவது. அண்ணன் இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே தொகையாக அனுப்பினால் கணக்குக் குழம்பும். பணம் வந்ததற்கான உறுதிமொழிப் படிவத்தை 180 நாளுக்குள் போடவேண்டும். அதுவரை கம்பெனி வியாபாரமும் செய்யக்கூடாது, கடனும் வாங்கக்கூடாது. தவறினால் கம்பெனிக்கு 50,000 ரூபாய் அபராதம், பொறுப்பாளர்களுக்கு நாளொன்றுக்கு 1,000 ரூபாய் வீதம் ஒரு லட்சம்வரை.

வளைகுடாவில் இருக்கிறவர் ஷேர் எடுத்தால் பணம் எந்தக் கணக்கிலிருந்து வருகிறது என்பதை முன்பே எங்களிடம் சொல்லுங்கள். திரும்ப வெளிநாட்டுக்குக் கொண்டுபோகும் உரிமையோடு வந்த முதலீடு என்றால், ஷேர் ஒதுக்கிய 30 நாளுக்குள் ரிசர்வ் வங்கிக்குத் தெரிவிக்கவேண்டும்.

வாசலில் பெயர்ப்பலகை வையுங்கள். பெயரும் பதிவு அலுவலக முகவரியும் வெளியே தெரியவேண்டும், இங்கிலீஷில் எழுதினால் அந்த வட்டாரத்தில் புழங்கும் மொழியின் எழுத்திலும் எழுதவேண்டும் என்று கம்பெனிச் சட்டத்தின் 12-ஆம் பிரிவே சொல்கிறது. குமரியில் தமிழில் போர்டு எழுதுவது இப்படிச் சட்டக் கடமையாகவே இருக்கிறது என்று அறிந்த நாளில் நான் உண்மையாகவே மகிழ்ந்தேன்.

பழைய கடையின் உணவு லைசென்ஸ், ஜி.எஸ்.டி., வாடகை ஒப்பந்தம் எதுவும் தானாகக் கம்பெனிக்கு வராது. ஒவ்வொன்றையும் கம்பெனி பெயரில் புதிதாக எடுக்கவேண்டும்.

கம்பெனியிலிருந்து பைசா எடுக்க நேர்வழி

டைரக்டராக வேலை பார்ப்பதற்குச் சம்பளம் எடுக்கலாம். போர்டு தீர்மானம் வேண்டும், வரி பிடிக்கவேண்டும். உங்கள் கட்டடத்தைக் கம்பெனிக்குக் கொடுத்திருந்தால் வாடகை எடுக்கலாம். லாபம் இருந்தால், இருந்தால் மட்டும், டிவிடெண்ட் எடுக்கலாம். கம்பெனிக்கு நீங்கள் கடன் கொடுத்திருந்தால் அதை வட்டியோடு திரும்ப வாங்கலாம். அது நீங்கள் வேறிடத்தில் கடன் வாங்கிப் போட்டதல்ல என்று எழுதிக் கொடுத்திருக்கவேண்டும். இந்த நான்கும்தான் சாதாரணமாகப் பயன்படும் வழிகள். டைரக்டருக்குக் கம்பெனி கடன் கொடுப்பதற்குக் கடுமையான கட்டுப்பாடு உண்டு. பத்து சதவீதமோ அதற்கு மேலோ ஓட்டுரிமை உள்ள பங்குதாரர் அப்படிக் கடனாக எடுத்தால், கம்பெனியில் சேர்ந்திருக்கும் லாபத்தின் அளவுக்கு அதை டிவிடெண்டாகவே கருதி வரி போடுவார்கள்.

சிப்ஸ் அண்ணாச்சியின் 85,000 ரூபாய்க்கு இந்த நான்கில் ஒரு வழி ஏற்கெனவே திறந்திருந்தது. தொடக்கத்தில் வறுக்கும் எந்திரம் வாங்க அவர் தன் சேமிப்பிலிருந்து இரண்டு லட்சம் கம்பெனிக்குக் கடனாகக் கொடுத்திருந்தார், உறுதிமொழியும் ஃபைலில் இருந்தது. ஆகவே ஃபீஸ் தொகையை அந்தக் கடனில் திருப்பிக் கொடுத்ததாக எழுதினோம். பேசி முடித்ததும் அவர் கேட்டார்: "அப்போ நான் மாசாமாசம் சம்பளம் எடுத்துக்கலாமா சாரே?" அன்றைக்கே தீர்மானம் எழுதி மினிட்ஸ் புத்தகத்தில் ஒட்டினோம். பலபேருக்கு எழுதிவைத்த கடன் எதுவும் இருக்காது. எடுத்ததை முழுதாகத் திரும்பக் கட்டவேண்டி வரும்.

ஊரில் நாலு பேரிடம் வட்டிக்குப் பணம் வாங்கித் தொழில் நடத்தும் பழக்கம் நமக்கு உண்டு. கம்பெனிக்கு அது கூடாது. பிரைவேட் கம்பெனி பொதுமக்களிடம் டெபாசிட் வாங்கச் சட்டம் இடம் தரவில்லை. தண்டனை மிகக் கடுமை.

வருடாவருடம்

விற்றுவரவு ஒரு ரூபாய்கூட இல்லாவிட்டாலும் கம்பெனிக்கு ஆடிட் உண்டு. கம்பெனி தொடங்க நினைக்கிறவர்கள் முதலில் ஜீரணிக்கவேண்டிய செய்தி இதுதான். மார்ச் 31-ல் வருடம் முடியும். செப்டம்பர் 30-க்குள் ஆண்டுப் பொதுக்கூட்டம். முதல் வருடத்துக்கு மட்டும் ஒன்பது மாத அவகாசம். கூட்டம் முடிந்து 30 நாளுக்குள் கணக்கு, 60 நாளுக்குள் ஆண்டு அறிக்கை என்று ரிஜிஸ்ட்ராரிடம் படிவம் போடவேண்டும். சின்னக் கம்பெனி என்றால் அரையாண்டுக்கு ஒரு போர்டு மீட்டிங், இரண்டுக்கும் நடுவில் குறைந்தது 90 நாள் இடைவெளி. ஜனவரி ஒன்றாம் தேதி முதல் மார்ச்சுக்குள் பதிவாகும் கம்பெனி அடுத்த வருட மார்ச் வரை முதல் வருடத்தை நீட்டிக்கொள்ளலாம். டிசம்பரில் வருகிறவர்களிடம் அவசரம் இல்லையென்றால் சில வாரம் பொறுங்கள் என்பேன்.

தாமதமானால் ஒவ்வொரு படிவத்துக்கும் நாளொன்றுக்கு 100 ரூபாய், உச்சவரம்பு இல்லை. இரண்டு படிவத்தையும் ஒரு வருடம் மறந்தால் 73,000 ரூபாய். மூன்று வருடம் தொடர்ந்து போடாவிட்டால் டைரக்டர்கள் ஐந்து வருடம் எந்தக் கம்பெனியிலும் புதிதாக டைரக்டர் ஆகமுடியாது. 2017-ல் இப்படிக் கணக்குப் போடாத இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கம்பெனிகளை நாடு முழுக்கப் பட்டியலிலிருந்து நீக்கினார்கள்.

தொழில் நின்றுபோனால்

பெயர்ப்பலகையைக் கழற்றிவிட்டால் கம்பெனி முடிந்துவிடாது. தனி ஆள் அல்லவா. அதை முறைப்படி வழியனுப்பவேண்டும். கடன்களைத் தீர்த்து, பேங்க் கணக்கை மூடி, பாக்கியிருக்கும் வருடக் கணக்குகளைப் போட்டு, பங்குதாரர்களின் சிறப்புத் தீர்மானத்தோடு பெயர் நீக்க விண்ணப்பம் கொடுக்கவேண்டும். கட்டணம் 10,000 ரூபாய். கொஞ்சகாலம் கழித்து மீண்டும் தொடங்கும் எண்ணம் இருந்தால் செயலற்ற கம்பெனி என்ற தகுதியைக் கேட்டு வாங்கலாம். வேலை குறையும், கம்பெனி உயிரோடு இருக்கும். எந்த வழியானாலும் கடைசி விற்பனை நடந்த வருடத்திலேயே வாருங்கள். மூன்று வருடம் கழித்து வருகிறவரின் ஃபைலில் மூடும் கட்டணத்தைவிடத் தாமதக் கட்டணம் பல மடங்கு ஏறி நிற்கிறது.